மைமூன் பெரியம்மா முட்டித் தள்ளிய நாள்

சென்ற வாரம் எங்கள் அலுவலகத்து மின்விசிறி ஒன்று புகைந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போக, நான் மட்டும் நின்று நன்றாக மூச்சை இழுத்தேன். கருகிய மோட்டார் காயிலின் வாசம். எனக்கு அது வாப்பாவின் வாசம். அத்தர் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும்தான், என்ன செய்ய.

அப்போது வாப்பா துபாயில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கடையநல்லூருக்கு வருவார். "நல்லா படிக்கியா?" என்பார். "படிக்கேன்" என்பேன். அதோடு எங்கள் கையிருப்புப் பேச்சு தீர்ந்துவிடும். இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நான் பிளஸ் ஒன் படித்தபோது வந்தவரிடம் ஒரு நோட்டீஸை நீட்டினேன். குற்றாலம் போகும் வழியில் ஒரு கல்லூரியில் ரோபோ சண்டை; பள்ளிப் பிள்ளைகளும் சேரலாம். ஒரு ரோபோ இன்னொன்றைக் கவிழ்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"இதுக்கு மார்க்கு உண்டா?"

"கெடையாது."

"அப்பம் செய்வோம்."

தென்காசி பழைய இரும்புக் கடையில் வேன் வைப்பர் மோட்டார் இரண்டு வாங்கினோம். செத்துப்போன ஏசியின் வெளித்தகட்டை வெட்டி உடம்பு செய்தோம். எதிராளியை வாரிக் கவிழ்க்க முன்பக்கம் சரிவாக ஒரு தகடு. சாப்பாட்டு மேசையை நாங்கள் பிடித்துக்கொண்டதால் உம்மா தரையில் சோறு போட்டாள், எங்கள் பேரைச் சொல்லாமல் எங்களைத் திட்டியபடி.

நாளெல்லாம் சண்டை. யூடியூபில் அப்படி இல்லை என்பேன். "யூடியூப்காரன் கையில சூடு பட்ட தழும்பு இருக்கா, பாரு" என்பார். ரோபோவை முதலில் ஓடவிட்டபோது அது கட்டில், பீரோ, உம்மா என்று வரிசையாக முட்டியது. வாப்பா சொன்னார்: "எதுத்தாப்புல யாருன்னு பாக்காம முட்டுதுல்லா? அப்படியே ஒம் பெரியம்மா குணம்." உம்மாவின் அக்கா பேரையே வைத்தோம்.

அப்புறம் அருவியில் வெள்ளம். மழையால் போட்டி ஒரு வாரம் தள்ளிப்போனது. வாப்பாவின் டிக்கெட்டோ அதற்கு முன்பே. இருந்துவிட்டுப் போங்கள் என்று கேட்கும் பழக்கமே எனக்கு இல்லை. அவரே சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி, இரண்டு தடவை இருமினார்.

"அம்மைக்கு எதுக்கு வாப்பா இருமுதிய?"

"ஒரு பலத்துக்குத்தான், ஏட்டி."

போட்டியன்று சாரல். ஷாமியானா ஒழுகியது. "அடுத்து மோதுவது, மைமூன் பெரியம்மா" என்று மைக்கில் சொன்னதும் வேடிக்கை பார்க்க வந்திருந்த பெரியம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

எதிரே கல்லூரிப் பையன்களின் ரோபோ, சுழலும் பிளேடுடன். நான் முன்னால் போக அழுத்தினேன். எங்களுடையது பின்னால் போனது. கடைசியாக ஒயர் மாற்றியது வாப்பா. "என்னத்தச் செஞ்சிய?" என்றேன், ஊரே கேட்க. "பொறத்தாலயே முட்டு" என்றார். முட்டினேன். பேட்டரியின் கனமெல்லாம் பின்பக்கம். பிளேடு ரோபோ தவளைபோல் மல்லாந்தது.

இரண்டாம் சண்டையில் வேறொரு ரோபோ எங்களைச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. மோட்டார் புகைந்தது, பத்து நொடியில் முடிந்தது. நான் அழப் பார்த்தேன். வாப்பா, புகையைக் கையால் விசிறியபடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பெரியம்மா ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. ஆனால் முதல் வெற்றியைத் தெருவெல்லாம் சொன்னாள்.

அவர் துபாய்க்குத் திரும்பிய பின் போன் பேச்சு மாறிவிட்டது. கியர், பேட்டரி, யார் செய்தது தப்பு என்று ஒரு மணி நேரம் வாதாடுவோம். கோபத்தில் அவர் வைத்துவிட்டு, மறுபடி அவரே கூப்பிடுவார்.

இப்போது வாப்பா ஊரோடு வந்துவிட்டார். நான் சென்னையில் இன்ஜினியர். போன மாதம் ஊர் வீட்டு இன்வெர்ட்டர் கெட்டுப்போனது. வேண்டுமென்றே ஒரு தப்பான யோசனை சொன்னேன். மறுத்துப் பேசுவார் என்று காதில் போனை வைத்துக் காத்திருந்தேன்.

"நீ சொன்னாச் சரியாத்தாம்மா இருக்கும்" என்றார்.