வடதுருவத்தில் ஓர் அத்தா

எங்கள் வீட்டுக் கிழக்கு ஜன்னலில், கம்பியை ஒட்டி, கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பீங்கான் மனிதர் நிற்கிறார். தலையை மூடிய கனத்த கோட்டு, உருண்டையான இரண்டு கால்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழந்தையின் விரல் அமுங்கிய குழி மட்டும்தான் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா தூசு தட்டும்போதெல்லாம் அவரைத் தூக்கி டிவி பக்கத்தில் வைத்துவிடுவார். "வெயில்ல எதுக்கும்மா இது காயுது?" என்பார். நான் மறுபடி ஜன்னலுக்கே கொண்டுபோவேன். விருந்தாளிகள் கொலு பொம்மையா, கிறிஸ்துமஸ் தாத்தாவா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை, அவர் ஐஸ் அத்தா.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ பீங்கான் சாமான் செய்யும் ஷெட்டில் வேலை. காலையில் தலை வாரி வந்தாலும் காதோரம் வெள்ளை மாவு ஒட்டியிருக்கும். மாசி மாதம் துருவப் பிரதேசப் பாடம் வந்தது. எனக்குத் தெரிந்த குளிர் ஊட்டிதான், அதுவும் கல்யாணமான புதிதில், நாத்தனாரிடம் வாங்கிப் போட்ட ஸ்வெட்டரோடு. வெளியே மதிய வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, உள்ளே நின்று நான் பனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோடாக் கடையிலிருந்து கோணியில் சுற்றி ஒரு ஐஸ் பாளத்தை வாங்கி வந்து மேஜைமேல் வைத்தேன். எல்லோரும் தொட்டார்கள், சிலர் நக்கினார்கள். முதல் பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தான். "இவ்ளோ வெள்ளையா இருக்குதே, எந்தச் சூளையில சுட்டாங்க டீச்சர்?" என்றான்.

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை, நான்தான் சிரித்தேன். அந்த ஊரில் வெள்ளையாக இருக்கும் எதுவும் நெருப்பிலிருந்துதான் வரும். பழுப்பாக உள்ளே போகும் மண், வெந்து வெள்ளையாக வெளியே வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். நெருப்பே இல்லாததால் வெள்ளையான ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்பதை அவர்களை நம்பவைக்கப் பெரும்பாடு பட்டேன்.

சொல்லி மாளாது, செய்துதான் காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஷெட்டுகளுக்குப் பின்னால் உடைந்த பீங்கான் குவிந்து கிடக்கும். மூக்குப் போன ஜாடி, பிளந்த கோப்பை, மின்சார பியூஸ் கட்டைத் துண்டுகள் எல்லாம் ஒரு மேடாக இருக்கும். அதிலிருந்து முனை மழுங்கியவையாகப் பொறுக்கி வந்து வகுப்பு மூலையில் இரண்டு பனிமலைகள் கட்டினோம், ஒன்று வடதுருவம், ஒன்று தென்துருவம். பிள்ளைகள் களிமண்ணில் கரடியும் பென்குவினும் பிடித்தார்கள். ஒரு பையனின் மாமா தன் ஷெட்டுச் சூளையில் ஓரமாக வைத்துச் சுட்டுக் கொடுத்தார். கரடியைப் பென்குவின்மேல் ஏவிவிடத் துடித்தவர்களைப் பிடித்து நிறுத்தி, "நடுவுல பூமி மொத்தமும் இருக்குதுடா, அது நடந்து வர்றதுக்குள்ள செத்துப்போயிடும்" என்று பூகோளம் நடத்தினேன்.

பாப்பா என்று நாங்கள் எல்லோரும் கூப்பிட்ட சிறுமி மட்டும் கரடி செய்யவில்லை. இந்தக் கோட்டு மனிதரைச் செய்து வடதுருவ உச்சியில் நிறுத்தியிருந்தாள். யாரென்று கேட்டேன். "எங்க அத்தா" என்றாள், அப்பாவை அவள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, "அவங்க அத்தா வளைகுடாவுல இருக்காரு டீச்சர், அங்க பூராவும் மணலுதான்" என்றாள். பாப்பா பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினாள். தலைமுதல் கால்வரை கனத்த உடை, முக்காட்டின் ஓரமெல்லாம் ரோமம், மீசையில் உறைபனி, பின்னால் வெள்ளைச் சுவர். அவள் தவழும்போது போன மனிதர். அங்கே இறைச்சியும் மீனும் வைக்கும் குளிர்கிடங்கில் அவருக்கு வேலை என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். இவளுக்குத் தெரிந்த அத்தா இந்தப் படம்தான். போன் வந்தால்கூட ரிசீவரைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்பாளாம்.

தலைமை ஆசிரியை வந்து பார்த்துவிட்டு, "துருவத்துல ஆளு எதுக்கு? எடுத்துடுங்க, பாடம் தப்பாப் போயிடும்" என்றார். பரீட்சையில் பாப்பாவின் அத்தாவைப் பற்றிக் கேள்வி வராது என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

துருவத்தில் ஆறு மாதம் இரவு, ஆறு மாதம் பகல் என்று நடத்தியபோது பாப்பா எழுந்தாள். எப்போது விடியும் என்று கேட்டாள். நம் கணக்குக்குப் பங்குனியில் என்றேன். "அதான் இன்னும் வரல. விடிஞ்சதும் வந்துடுவாங்க" என்று உட்கார்ந்துகொண்டாள். அதன்பிறகு தினமும் காலையில் அந்த உடைசல் மலை முன்னால் போய் நின்றுவிட்டுத்தான் இடத்துக்கு வருவாள். வெயில் சாய்வாக விழுந்து பீங்கான் ஓடுகள் மின்னும். நானும் சில நாள் அவளோடு நின்றிருக்கிறேன். அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மின்விசிறிச் சத்தம் பனிக்காற்றாகக் கேட்கும், தூரத்தில் யாரோ நடந்து வருவதுபோலக்கூட இருக்கும்.

பங்குனியில் அவர் உண்மையாகவே வந்துவிட்டார். ஆனால் சில நாளிலேயே பாப்பாவின் அம்மா கண்கலங்கிப் பள்ளிக்கு வந்தார். "கிட்டயே போவ மாட்டேங்குறா டீச்சர். இவரு எங்க அத்தா இல்ல, எங்க அத்தா வெள்ளையா, பெருசா இருப்பாங்கன்னு கதவு பின்னாடி போயி நிக்குறா. ஒரு மாச லீவுதான். பாதி போயிடுச்சு. நீங்கதானே வடதுருவம்னு சொல்லிக் குடுத்தீங்க, நீங்களே வழி சொல்லுங்க." பின்னால் கட்டம் போட்ட சட்டையில் ஒல்லியாக, கறுப்பாக ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார். மகளின் வகுப்பறையைத் திருட்டுத்தனமாக எட்டிப் பார்ப்பவர்போல இருந்தது, எனக்குத் தாங்கவில்லை.

"அந்தக் கோட்டு இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"பழசு ஒண்ணு இருக்குதுங்க டீச்சர். அதுலதான் கப்பு சாசரு ஒடையாம சுத்தியாந்தேன்."

கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாக, பீங்கான் ஊருக்குக் கடல் கடந்து கோப்பை கொண்டுவந்திருக்கிறார். அந்த நிலையிலும் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் வேப்பமரத்தடியில் கோட்டை மாட்டிக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, கொதிக்கும் மைதானத்தைக் கடந்து வந்தார். முக்காட்டுக்குள் வியர்வை ஊற்றியது. பாப்பா ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளவில்லை. நேரே பனிமலையிடம் போனாள். உச்சியில் நின்ற பொம்மையை எடுத்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் அவரிடம் வந்து கோட்டின் ஓரத்தைப் பிடித்தாள்.

"விடிஞ்சுடுச்சா அத்தா?"

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். "விடிஞ்சுடுச்சும்மா" என்று சொல்லி அவளைத் தூக்கிக்கொண்டார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டார்கள். அங்கே குளிருமா? "இரும்பத் தொட்டா தோலு ஒட்டிக்கும்." அப்புறம் எப்படி மணல் இருக்கும்? "நடுவுல ஒரு கதவுதாம்ப்பா. தொறந்தா வெயிலு, மூடுனா ஐஸு." அன்றிலிருந்து வகுப்புக்கே அவர் ஐஸ் அத்தா ஆனார். பாப்பா அவர் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். கோட்டைக் கழற்றிய பிறகும் இறங்கவில்லை.

லீவு முடிந்து அவர் விமானம் ஏறிய மறுநாள், பாப்பா பையிலிருந்து பொம்மையை எடுத்து மறுபடி வடதுருவ உச்சியில் நிறுத்தினாள். "ராத்திரி ஆயிடுச்சு டீச்சர்" என்றாள். நான் நடத்திய பாடப்படி அங்கே அப்போது நல்ல பகல். நான் திருத்தவில்லை.

வருஷக் கடைசியில் மலைகளைக் கலைத்தபோது பொம்மையை அவளிடம் நீட்டினேன். "உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர், குளிரா இருக்குற எடத்துல வைங்க, அங்கதான் அத்தா இருக்காங்க" என்று போய்விட்டாள். வீடு மாறி வீடு மாறி அதை ஃப்ரிட்ஜ் மேலேயே வைத்திருந்தேன். அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது பாப்பா கல்லூரியையே முடித்துவிட்டாள். அதை நினைத்தால் யார்மேல் என்று தெரியாமல் எனக்குக் கோபம் வரும்.

போன மாதம் அவள் வந்திருந்தாள். அத்தா இப்போது கடைத்தெருவில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறாராம், வீட்டில் பானைத் தண்ணீரைக்கூடச் சுடவைத்துத்தான் குடிக்கிறாராம். பேசிக்கொண்டே தண்ணீர் எடுக்கப் போனவள் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றுவிட்டாள். பொம்மையைக் கையில் எடுத்து, அந்தக் குழியில் விரலை வைத்துப் பார்த்தாள். இப்போது விரல் அதற்குள் நுழையவில்லை. அதைக் கொண்டுவந்து கிழக்கு ஜன்னலில் வைத்தாள்.

"போதும் டீச்சர். வெயில்ல இருக்கட்டும்."

நேற்றும் வேலைக்கார அக்கா எடுத்து உள்ளே வைத்துவிட்டார். இன்று காலையில் மறக்காமல் திரும்ப வைத்தேன். முதல் வெயில் கம்பி வழியாக நுழைந்து, முகமில்லாத அந்தக் குழியில் நிறைந்து நின்றது.