ஜமீலா அக்கா விற்காமல் போன வீடுகள்

வீட்டு விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஆலன் நகரத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் நாம் பேசிக்கொண்டிருந்தபோதுதான், ஜமீலா அக்கா இறந்த செய்தி வந்தது. அன்று முழுவதும் யாரும் விலையைப் பற்றிப் பேசவில்லை. நம்மை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அஞ்சலி என்பது புரியும்.

நம்மில் பலருக்கு வீடு பார்த்துக் கொடுத்த ரியல்ட்டர் அவர். வீட்டைப் பார்க்கும் முன்பே நாம் பள்ளியைப் பற்றிக் கேட்போம். என்னோடு வந்த நண்பர் ஒருமுறை குரலைத் தாழ்த்தி, "அக்கா, இந்த ஸ்கூல்ல மிக்ஸ் எப்படி?" என்றார். கறுப்பினப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை நாம் அவ்வளவு நாகரிகமாகத்தான் கேட்போம்.

"நீங்க வந்து சேருங்க தம்பி, மிக்ஸ் சரியாயிடும்" என்றார் அக்கா, சிரிக்காமல்.

பிறகு பள்ளி நிர்வாகத்திடமிருந்து ஒரு திட்டம் வந்தது. ஃப்ரீவேக்கு அந்தப் பக்கத்து அபார்ட்மென்ட்களில் வாழும் கறுப்பின, மெக்சிகன் பிள்ளைகளையும் நம் பிள்ளைகளையும் இரண்டு பள்ளிகளிலும் கலந்து சேர்ப்பார்களாம். பொதுக் கூட்டத்துக்கு நம்மவர்கள் ஒரே நிற டி-ஷர்ட்டில் போனார்கள். ஒவ்வொருவரும் இந்த நாட்டில் தமக்கு நேர்ந்த நிறப் பாகுபாட்டை உருக்கமாகச் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளைகளை இங்கே சேர்க்க வேண்டாம் என்று முடித்தார்கள். பலத்த கைதட்டல்.

அக்கா எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். ஆங்கிலத்தில் அவர் சொன்னது சுருக்கமானது: இவர்களுக்கு வீடு விற்றவள் நான், இந்தப் பள்ளியைச் சொல்லித்தான் விற்றேன், என் மகன் யூசுபை முதல் ஆளாக ஃப்ரீவேக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

"கமிஷன் வாங்கறப்போ இதெல்லாம் தெரியலையாக்கும்!" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

திட்டம் நிறைவேறியது. யூசுப் போனான். சாப்பாட்டு மேசையில் அவனோடு யாரும் உட்காரவில்லை.

"தினம் அழுறான் தம்பி. அங்கேருந்து இங்க வந்த புள்ளைங்களும் இப்படித்தானே அழும்? உங்க மக அதுங்க பக்கத்துல உக்காருதான்னு கேளுங்க" என்றார் அக்கா.

கேட்டேன். 'உட்காரலாம் என்று யாரும் சொல்லவில்லையே' என்று என் மகள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். மறுநாள் போய் உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்துப் பள்ளியில் யூசுபின் எதிரில் மார்கஸ் என்ற கறுப்பினப் பையன் சிப்ஸ் பாக்கெட்டோடு வந்து உட்காரக் கொஞ்ச காலம் பிடித்தது.

அக்காவின் நல்லடக்கத்தில், நெடுநெடுவென்று வளர்ந்துவிட்ட அந்த மார்கஸ், தான் மண் போடலாமா என்று தெரியாமல் ஒதுங்கி நின்றான். யூசுப் அவன் கையைப் பிடித்து முன்னால் கூட்டிப் போனான்.

அஞ்சலிச் செய்திகளில் பலரும் அக்காவைப் பயமறியாதவர் என்கிறார்கள். அன்று அந்தப் பொதுக் கூட்டம் முடிந்ததும் பார்க்கிங்கில் அக்கா என்னிடம் கையை நீட்டிக் காட்டினார். நடுங்கிக்கொண்டிருந்தது.

"இனிமே நம்மாளுங்க யாரும் என்கிட்ட வீடு வாங்க மாட்டாங்க, இல்ல?" என்றார்.

அதன் பிறகு யாரும் வாங்கவில்லை. மைக்கை நோக்கி நடக்கும்போதே அவருக்கு அது தெரியும். என் நினைவில் தங்கியிருப்பது நடுங்கிய அந்தக் கைதான்.