முப்பத்தோராவது நிமிடத்தில் இமைத்த பிணம்

அந்த மெத்தைக் கடையில் படுப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அவர்தான். வாடிக்கையாளர்கள் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்ப்பார்கள், ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நாலு பேர் நடமாடும் இடத்தில் படுத்துப் பார்க்க மட்டும் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்தைப் போக்க அவர் முதலில் படுப்பார். செருப்பைக் கழற்றி, கால்மாட்டில் விரித்த ரெக்சின் துண்டில் குதிகாலை வைத்து, கைகளை வயிற்றின்மேல் கோத்துக் கண்ணை மூடினால் முடிந்தது. கடையின் வேன் டிரைவர் அதே மெத்தையின் மறுபக்கம் எகிறிக் குதிப்பார். இவர் அசையமாட்டார். "பார்த்தீங்களா, ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனி" என்பார் மேனேஜர். அசையாமல் இருந்தது ஸ்பிரிங்கா, ஆளா என்று யாரும் கேட்டதில்லை.

பதினாறு வருடமாக இதுதான் தொழில். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது படுத்து எழுவார். "எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போய்ப் படுத்துக்குவார், வீட்டுக்கு வந்தாத்தான் நிப்பார்" என்பாள் மனைவி. அவள் மருந்துக்கடையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவள். ஆகையால் பாத்திரம் தேய்ப்பது அவர் பங்கு.

அவர் பிணமானது தற்செயல். 'கடைசிக் கைரேகை' என்று ஒரு தொலைக்காட்சித் தொடர். வாரம் ஒரு கொலை. இரவிலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தடயம் தேடும் ஒரு இன்ஸ்பெக்டர், பிணவறையிலும் கூந்தல் கலையாத ஒரு டாக்டரம்மா, எப்போதும் பெய்யும் மழை. அதன் உதவி இயக்குநர் தன் வீட்டுக்கு மெத்தை வாங்க வந்தார். மெத்தையைப் பார்க்காமல் அதில் கிடந்தவரையே பத்து நிமிடம் பார்த்தார்.

"சார், நீங்க மூச்சு விடுறீங்களா?"

"விடுறேன் சார். வெளியே தெரியாது."

"இதுவரைக்கும் மூணு பிணம் பார்த்தாச்சு. ஒண்ணு இருமிச்சு, ஒண்ணு தூங்கிக் குறட்டை விட்டுச்சு, ஒண்ணு நடுவுல எழுந்து சாப்பாடு எப்போன்னு கேட்டுச்சு. நீங்க வர்றீங்களா?"

போனார். ஒரு கிடங்கின் சிமெண்டுத் தரையில் நாலு மணி நேரம் கிடந்தார். மெத்தை இல்லாமல் படுத்தது அவருக்கே புது அனுபவம். கிளம்பும்போது உதவி இயக்குநர் முதுகில் தட்டிக்கொடுத்து, ஒரு காகிதத்தைக் கையில் வைத்தார். "அடுத்த பாகத்துல ஒரு வாட்ச்மேன் வேஷம் இருக்கு. ஒரே ஒரு வசனம். உங்களுக்குத்தான்."

காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'நான் எதையும் பார்க்கலை.'

"நான் செத்துட்டேனே சார், எப்படித் திரும்ப வர்றது?"

"பிணத்தோட முகத்தை யார் சார் ஞாபகம் வெச்சுக்கப்போறாங்க?"

நாற்பத்தேழு வயதில் முதல்முறையாக அவருக்கு வாயைத் திறக்கச் சொல்லி ஒரு வேலை வந்தது. அன்றிலிருந்து பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தார். பயந்து சொன்னார், அழுத்திச் சொன்னார், 'எதையும்' என்பதில் நிறுத்திச் சொன்னார். "நீங்க எதையும் பார்க்கலைங்கிறது இந்தத் தட்டைப் பார்த்தாலே தெரியுது, மறுபடி தேய்ங்க" என்றாள் மனைவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் பிணமாக ஒளிபரப்பானார். திங்கட்கிழமை காலை கடைக்குள் நுழைந்தபோது கேஷியர் அக்கா கல்லாப்பெட்டியைக்கூடத் திறக்காமல் காத்திருந்தார். ஆயிரத்து ஐந்நூறு பேர் கொண்ட 'கைரேகைக் குடும்பம்' என்ற ரசிகர் குழுவுக்கு அவர்தான் தலைவி. சொந்தக் குடும்பத்தில் யார் எத்தனையாவது படிக்கிறார்கள் என்பதில் தடுமாறினாலும், இன்ஸ்பெக்டரின் துப்பாக்கி எந்தப் பகுதியில் எந்தக் கையில் இருந்தது என்பதில் தடுமாறமாட்டார்.

"தம்பி, மறைக்காமச் சொல்லு. நீ சாகலதானே?"

"என்னக்கா?"

அக்கா செல்போனை நீட்டினார். முப்பத்தோராவது நிமிடம், பன்னிரண்டாவது விநாடி. இன்ஸ்பெக்டர் பிணத்தின்மேல் குனிந்து, "உன்னைக் கொன்றவனை விடமாட்டேன்" என்று கர்ஜிக்கிறார். பிணத்தின் இடது இமை ஒருமுறை துடிக்கிறது. குழுவில் ஒரு பல் டாக்டர் அதைப் பெரிதாக்கி, அம்புக்குறி போட்டு, சிவப்பு வட்டமும் வரைந்திருந்தார். பொழுது விடிவதற்குள் அறுநூறு செய்திகள். செத்தவன் சாகவில்லை, சாவை நடித்தவனே கொலைகாரன், டாக்டரம்மா அவனுக்கு உடந்தை.

"டாக்டரம்மாவை ஏன்க்கா இழுக்கறீங்க? அவங்க தங்கம்" என்றார் டிரைவர். அவர் டாக்டரம்மா கட்சி.

"தங்கமா? நாலாவது பகுதியில கையுறை இல்லாமப் பிணத்தைத் தொட்டாளே, அது தங்கம் செய்யற வேலையா?"

"கையுறை வாங்கிக் கொடுக்காதது யாரு? உங்க இன்ஸ்பெக்டர். கண்ணாடி வாங்கவே சம்பளம் பத்தலை அவருக்கு."

"அவர் கண்ணாடியைப் பத்திப் பேசாத. அதுக்குப் பின்னாடி ஒரு சோகம் இருக்கு."

"மெட்ராஸ் ஐ-யா?"

வாடிக்கையாளர் ஒருவர் தலையணை விலை கேட்டு நின்றார். யாரும் திரும்பவில்லை. பிறகு அவரும் செல்போனை வாங்கிப் பார்த்து, "இது துடிப்பு இல்லைங்க, சமிக்ஞை" என்று தன் பங்குக்குச் சொல்லிவிட்டுத் தலையணை வாங்காமல் போனார்.

பிணமாக நடித்தவர் செல்போனை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார். "நான் செத்துட்டேன்க்கா. நல்லாவே செத்துட்டேன்" என்றார்.

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க" என்று அக்கா குழுவில் எழுதினார். அதற்கு நானூறு பேர் கைதட்டினார்கள்.

பத்தாம் நாள் உதவி இயக்குநரே கூப்பிட்டார். இமைத்ததற்குத் திட்டப்போகிறார் என்று இவர் கடையின் கிடங்குப் பக்கம் ஒதுங்கிப் பேசினார்.

"சார், அதிர்ஷ்டம் உங்களுக்கு. எங்க கதாசிரியர்கள் மூணு மாசமா மண்டையைப் பிச்சுக்கிட்டுக் கிடந்தாங்க. இப்போ ரசிகர்கள் கதையைக் கையில கொடுத்துட்டாங்க. நீங்க உயிரோட வர்றீங்க. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கண்ணைத் திறந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்து அதே வசனத்தைச் சொல்றீங்க. ஒரே ஒரு வேண்டுகோள். அதுவரைக்கும் எதுக்கு இமைச்சீங்கன்னு யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க."

திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஏன் இமைத்தோம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். பதினெட்டு நாள் அதைக் காப்பாற்றினார். பல் டாக்டர் கடைக்கே வந்து மூன்று மெத்தைகளில் புரண்டு துருவியபோதும் சொல்லவில்லை. மேனேஜர் வாசலில் 'உயிருள்ள பிணம் படுத்த மெத்தை' என்று பலகை வைத்து விற்றபோதும் சொல்லவில்லை.

கெடுத்தது டிரைவர்தான். ஒரு மதியம் புதுமணத் தம்பதி மெத்தை பார்க்க வந்தார்கள். இவர் படுத்தார், டிரைவர் குதித்தார், குதித்துவிட்டுச் சொன்னார்: "இவரை நம்பி வாங்காதீங்க சார். அண்ணனுக்கு இப்பல்லாம் அசையாமப் படுக்க வர்றதில்லை. டிவியிலயே அசைஞ்சுட்டார். அதுக்குப் போய் ஊரே கதை கட்டுது."

தம்பதி சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். நடிக்கத் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பார். படுக்கத் தெரியவில்லை என்றால்? பதினாறு வருடத் தொழில். மல்லாந்து கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"நான் அசையலை. அந்த இன்ஸ்பெக்டர் பேசினா சாரல் அடிக்கும். 'விடமாட்டேன்'னு கத்தினப்போ ஒரு சொட்டு எச்சில் நேரா என் இமையில விழுந்துச்சு. எட்டுத் தடவை எடுத்தாங்க, எட்டுத் தடவையும் விழுந்துச்சு. ஏழு தடவை தாங்கினேன். நீ தாங்குவியா?"

கல்லாவில் கேஷியர் அக்காவின் கைவிரல் ஏற்கெனவே செல்போனில் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, அதை எழுதாதீங்க."

"எழுதிட்டேன். அவரையா எச்சில்ங்கிற? உன்னை உயிரோட எழுப்பினதே நாங்கதான், மறந்துட்ட."

மாலைக்குள் கைரேகைக் குடும்பம் ஒன்றுகூடி அவரைத் துரோகி என்று தீர்மானம் போட்டது. எச்சில் என்பது டாக்டரம்மா கட்சியினர் விலை கொடுத்துச் சொல்ல வைத்த பொய் என்று பல் டாக்டர் ஆதாரத்துடன் நிறுவினார். ஆதாரமாக அதே இமைதான், இம்முறை பச்சை வட்டத்துடன். குழுவில் இருந்த யாரோ அந்த எச்சில் பேச்சை இன்ஸ்பெக்டராக நடிப்பவருக்கே அனுப்பியும் வைத்தார்கள். துணி போட்டு மூடினாலும் நாற்றம் நிற்குமா?

படப்பிடிப்பு நாளில் அவர் புதிதாகச் சவரம் செய்து, துவைத்து இஸ்திரி போட்ட சட்டையில் போய் நின்றார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது மனைவி வசனத்தைக் கேட்டு, "இன்னைக்கு நல்லா வருது" என்று முதல்முறையாகச் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில் தயாராக இருந்தது. கட்டிலின்மேல் ஒரு வெள்ளைத் துணியும் இருந்தது.

உதவி இயக்குநர் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "கதையில சின்ன மாற்றம் சார். நேத்து ராத்திரியே நீங்க ஆஸ்பத்திரியில இறந்துட்டீங்க."

"வசனம்?"

"இறந்தவர் எப்படி சார் பேசுவார்? ஹீரோ சார் கொஞ்சம் மனசு கஷ்டத்துல இருக்கார். முகத்தை மூடச் சொன்னதும் அவர்தான். நல்லதா எடுத்துக்குங்க. இனி உங்கமேல ஒண்ணும் தெறிக்காது."

படுத்தார். துணியை இழுத்து மூடினார்கள். இன்ஸ்பெக்டர் வந்து நின்று கர்ஜித்தார். துணியில் டப் டப்பென்று சாரல் விழுவது உள்ளே கேட்டது. ஆளுக்கு எதுவும் படவில்லை. இமைக்க வேண்டிய அவசியமும் இல்லை. யாரும் பார்க்காத அந்த இருட்டில் அவர் இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்துகொண்டார். 'எதையும்' என்ற இடத்தில் நிறுத்தி, சத்தம் வராமல், தன் வசனத்தை முழுதாகச் சொல்லி முடித்தார். ஒரே டேக்கில் ஓகே ஆனது.

அது ஒளிபரப்பான மறுநாள் காலை, மூன்று வாரமாக அவரோடு பேசாதிருந்த கேஷியர் அக்கா கடை வாசலிலேயே வழிமறித்தார். கையில் செல்போன். ஒன்பதாவது நிமிடம், நாற்பதாவது விநாடி. வெள்ளைத் துணி, வாய்க்கு நேராக ஒரு மஞ்சள் வட்டம்.

"துணி அசையுது தம்பி. மூணு தடவை. உள்ள இருந்தது நீ இல்லைன்னு ஒரு கட்சி, நீதான், ஏதோ சொல்லிட்டுச் செத்தேன்னு ஒரு கட்சி. குழுவே ரெண்டாப் போச்சு. நடந்ததை மட்டும் சொல்லு. உன்னை நான் திரும்பக் குழுவுல சேர்த்துக்கறேன்."

டிரைவர் வேனை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். மேனேஜர் பலகையைத் துடைப்பதை நிறுத்தினார். மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

அவர் செருப்பைக் கழற்றினார். முதல் மெத்தையில் ஏறி, ரெக்சின் துண்டில் குதிகாலை வைத்து, மல்லாந்து, கைகளைக் கோத்துக்கொண்டார்.

"நான் எதையும்" என்று நிறுத்தினார். "பார்க்கலை."

கண்ணை மூடிக்கொண்டார். டிரைவர் பழக்கதோஷத்தில் ஒருமுறை குதித்துப் பார்த்தார். அசைவே இல்லை.