வெறும் படகின் பாரம்

நம்பாவிட்டால் போகட்டும். அளவுக்கோடு பொய் சொல்லாது, நானும் சொல்லவில்லை. ஆளே ஏறாத படகு ஏன் ஏழு சென்டிமீட்டர் அமிழ்கிறது? பன்னிரண்டு நாள் எனக்கு விடை கிடைக்கவில்லை.

வேசர் ஆற்றில் நான் ஓட்டும் படகுக்கு எஞ்சின் கிடையாது. ஆற்றின் மேலே கட்டிய கம்பிவடத்தில் அதைக் கோத்திருக்கிறோம். நீரோட்டத்துக்குச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் போதும், ஆறே அக்கரைக்குத் தள்ளிவிடும். பக்கவாட்டில் அளவுக்கோடுகள் உண்டு. அரை டன் ஏற்றினால் ஒரு சென்டிமீட்டர் அமிழும்.

அக்கரையில் கோட்டை இருந்த இடம் இப்போது மாடு மேயும் ஈரப் புல்வெளி. அந்தக் காலத்தில் பிரபு ஒருவனுக்காகக் கல் சுமந்து அதைக் கட்டியவர்கள் எங்கள் ஊர்க் குடியானவர்கள். கூலி கிடையாது, சவுக்கடி உண்டு. அந்தப் பிரபுவின் வம்சம் அற்றுப்போனதும் அதே கற்களைப் பெயர்த்து வந்து வீடு கட்டிக்கொண்டார்கள். எங்கள் வீட்டு அஸ்திவாரம் முழுக்க அந்தக் கல்தான். இந்த அக்டோபரில் சுவரில் திடீரென்று விரிசல் ஓடியது. அந்த வீட்டை விட்டால் எனக்கும் அக்கா கேசாவுக்கும் போக்கிடம் இல்லை.

அதே அக்டோபரில்தான் மணியும். தினமும் மாலை 6.10. அக்கரைத் துறையில் மணி அடித்தால் போய்த்தான் ஆக வேண்டும், தொழில் அப்படி. போனால் ஆளில்லை. போகும்போது ஏழு சென்டிமீட்டர் அமிழும். திரும்பும்போது அமிழாது.

பன்னிரண்டாம் மாலை அக்காவும் ஏறினாள்.

"பீர் குடிச்சுட்டுப் பாத்தா ஏழு என்ன, எழுபதே தெரியும்டா, ஹின்ரிக்."

"நீயே பாருக்கா."

குனிந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது.

6.14. நடு ஆறு. பனிமூட்டம்.

பலகைகள் முனகின. க்ரீச்... க்ரீச்...

ஈரச் சுண்ணாம்பு வாசனை.

"டேய்... யாரோ மூச்சு வாங்குறாங்கடா."

"எங்கேக்கா?"

"எல்லாப் பக்கமும்."

எனக்கும் கேட்டது. முதுகில் பாரத்தோடு நிற்பவர்களின் மூச்சு.

கரை தட்டியது.

வெறுங்கால்களின் ஓசை. ஒன்று... இரண்டு... எண்ண முடியவில்லை.

படகு எழும்பியது.

"செத்தும் நம்ம ஊர்க் குடியானவங்களுக்கு வேலை முடியலையாடா?" அக்கா அழுதாள்.

மறுநாள் காலை, விரிசலைப் பார்க்க வந்த கொத்தனார் உல்ஃபெர்ட் தரைப் பலகையைப் பெயர்த்து டார்ச் அடித்தார்.

"கல்லையெல்லாம் எப்பய்யா எடுத்தீங்க?"

"நாங்க எடுக்கலையே."

"அப்ப இந்த வீடு எது மேல நிக்குது?"

கீழே சுத்தமான காலிக் குழி. அதை அளந்து பார்த்து, நாற்பத்திரண்டு டன் கல் இருந்திருக்கும் என்றார்.

அக்கரைப் புல்வெளியில் அங்குலம் அங்குலமாகத் தேடினேன். ஒரு கல்கூட இல்லை.

பன்னிரண்டு நடை. நடைக்கு மூன்றரை டன். நாற்பத்திரண்டு. வெறும் படகில் இருந்த பாரம் எங்கள் வீட்டு அஸ்திவாரம். மணி அடிக்க அடிக்க, நானே அதை அக்கரை சேர்த்திருக்கிறேன்.