புலியின் பெண்டாட்டி தூங்குகிறாள்

கியோட்டோவில் கமோ ஆற்றங்கரைப் பக்கம், கனோ வழி ஓவியர்களின் பட்டறை ஒன்றில் கிஹெய் என்று ஒரு மனுஷன் இருந்தான். மூங்கில் வரைகிறவன். மூங்கிலைத் தவிர வேறொன்றும் வரையாதவன். கோயில் கதவுகளில் குரு ரின்சேன் புலி போடுவார், புலிக்குப் பின்னால் ஆடுகிற மூங்கில் கிஹெய் கைவேலை. மீசை முளைக்கும்போது அந்த மூங்கில் தோப்புக்குள் நுழைந்தவன், தலை நரைத்தும் வெளியே வரவில்லை. ஊர் அவனை மூங்கில்காரன் என்றது. கிணற்றடியில் அவன் மனைவி ஒநுயி, மூங்கில்காரன் பெண்டாட்டி.

அவளுக்கு அதில் கடுப்புதான். "ஒரு நாளைக்காவது என்னை ஓவியர் வீட்டம்மான்னு கூப்பிடட்டும். அப்புறம் செத்தாலும் பரவாயில்ல" என்பாள்.

பட்டறை வழக்கம் அப்படி. கை தேறியவனுக்குக் குரு தன் பேரிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துக் கொடுப்பார். அதைத் தன் பேரோடு ஒட்டிக்கொண்டால் ஓவியன், இல்லாவிட்டால் கூலிக்காரன். "வாங்கித் தரேன், கொஞ்சம் பொறு" என்று கிஹெய் சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் எத்தனை காலம்தான் பொறுப்பாள், பாவம். போன மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள்.

அதன் பிறகு அவனுக்குப் பகலும் கனவும் ஒன்றாகிவிட்டது. மை அரைக்க உட்கார்ந்தால் கல்லுக்குள்ளிருந்து பனிமூட்டம் எழும்பி வரும். அதில் யாரோ துணி உலர்த்துவார்கள். கூப்பிடலாமென்று வாயெடுப்பான், பார்த்தால் வெறும் மை.

அந்த நேரத்தில்தான் ரின்சேனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அவர் கிஹெயைக் கூப்பிட்டார்.

"மலைக்கோயிலுக்குக் கதவு கேக்கறாங்க. புலியும் அவன் பெண்டாட்டியும். முழுசா நீயே போடு. மாதிரிப் படத்துல இருந்து மயிரிழை பிசகாம வந்தா எழுத்து உனக்கு."

நம் ஜப்பானில் புலி ஏது? கடல் தாண்டி வந்த தோலும் சீனத்துப் படமும்தான் நமக்குத் தெரிந்த புலி. தோலில் சிலது கோடு போட்டது, சிலது புள்ளி போட்டது. பெரியவர்கள் பார்த்தார்கள். சேவல் ஒரு நிறம், பெட்டை ஒரு நிறம் இல்லையா? அப்படியென்றால் கோடு புருஷன், புள்ளி பெண்டாட்டி. தீர்ந்தது வழக்கு. எங்கள் கோயில் கதவுகளிலெல்லாம் இந்தத் தம்பதிதான் குடித்தனம் நடத்துகிறது. மாதிரிப் படத்தில் புள்ளிக்காரி கண்ணை உருட்டி முழித்துக்கொண்டிருப்பாள்.

கிஹெய்க்குக் கோடன் வந்துவிட்டான். புள்ளிக்காரி வரவில்லை. எத்தனை முறை போட்டாலும் வைக்கோல் அடைத்த தோல் மாதிரியே நின்றாள்.

ஒசாகாவில் நிஜமான பெண்புலி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் படகேறினான். உயிரைப் பார்த்து வரைவது எதிர்ப் பட்டறைக்காரன் பழக்கம், தெரிந்தால் பட்டறையில் தோலை உரித்துவிடுவார்கள். ஆறு முழுக்கப் பனி. படகு போகிறதா, கரைதான் பின்னால் போகிறதா என்று தெரியவில்லை.

கொட்டகை வாசலில் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான்: "புலியம்மாவைப் பாத்தா பிள்ளைக்கு அம்மை போடாது, வாங்க வாங்க!"

உள்ளே கூண்டில், உடம்பெல்லாம் புள்ளியாக, அது மல்லாக்கப் புரண்டு படுத்தது. கிஹெய்க்குப் பக்கத்தில் நின்ற மீன்காரி குனிந்து பார்த்தாள்.

"புலியம்மாவாம். எங்க வீட்டுக்காரருக்கு இருக்கறதெல்லாம் இதுக்கும் இருக்கே."

கொட்டகையே சிரித்தது. கிஹெய் சிரிக்கவில்லை, காதில் விழுந்ததோ என்னவோ. அது மறுபடி புரண்டு, ஒரு கையைக் கன்னத்துக்குக் கீழே மடித்து வைத்து, ஒரு காது மட்டும் லேசாக மடங்க, தூங்கிப்போனது. ஒநுயி மத்தியானத்தில் அப்படித்தான் தூங்குவாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அம்மைக்குப் பயந்த தகப்பன் என்று நினைத்து ஜனங்கள் வழிவிட்டார்கள்.

திரும்பி வந்து ஒரே மூச்சில் போட்டான். ரின்சேன் வந்து கதவின் முன் உட்கார்ந்தார்.

"எல்லாம் சரி. மாதிரியில முழிச்சிட்டிருக்கா. கண்ணைத் திற. ரெண்டு கோடுதானே, எழுத்து உன்னுது."

கிஹெய் தூரிகையை மையில் தோய்த்தான். கிணற்றடி ஞாபகம் வந்தது. இந்த இரண்டு கோடுகளைப் போட்டால் அவள் ஓவியர் வீட்டம்மா, செத்த பிறகாவது. அவள் கேட்டது அது ஒன்றுதானே. கை கண்ணிமை வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது.

"இப்பதான் கண்ணசந்தா, ஐயா" என்றான்.

ரின்சேன் அவன் கையிலிருந்து தூரிகையை வாங்கினார். அவரே திறந்துவிடப் போகிறார் என்று கிஹெய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவரோ தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, கதவோரத்தில் தன் முத்திரையைக் குத்திவிட்டு எழுந்து போனார்.

புத்தாண்டுக்கு எழுத்து ஷின்ரோகுவுக்குப் போயிற்று. பக்கத்துப் பாயில் உட்கார்ந்து பாறை வரைகிறவன் அவன். அன்றைக்கு வீட்டில் ஊதுவத்தி ஏற்றி, "பேர் வாங்கித் தர முடியல, ஒநுயி. மன்னிச்சிரு" என்றான் கிஹெய்.

அடுத்த வசந்தத்தில் வேறொரு கோயிலுக்கு அதே தம்பதி. ஷின்ரோகு புள்ளிக்காரியின் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துவிட்டான். ரின்சேன் விசிறியால் அவன் முழங்கையில் ஒன்று போட்டார்.

"மாதிரியப் பாத்தியா?"

"பழக்கந்தானேன்னு பாக்கல, ஐயா."

"போய்ப் பாரு."

மாதிரிப் பெட்டியில் பழைய முழிப்புக்காரி இல்லை. அவள் இடத்தில், ரின்சேனின் நடுங்கும் கையால் நகலெடுத்த ஒருத்தி, கன்னத்துக்குக் கீழே கையும் மடங்கிய காதுமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இனிமே இந்தப் பட்டறையில எவன் போட்டாலும் இவ இப்படித்தான் தூங்குவா. காது மடிப்புகூட மாறக்கூடாது" என்றார் ரின்சேன்.

புதுக் கதவில் புள்ளிக்காரிக்குப் பின்னால் மூங்கில் போட்டுக்கொண்டிருந்த கிஹெய் தலை நிமிரவில்லை. அவள் முகத்தில் வெயில் படாதபடி மூங்கில் இலை ஒன்றைக் கொஞ்சம் தாழ இறக்கினான்.