காசளவு படத்தில் ஒரு முகம்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஓவியத்தைப் பற்றி எழுத வந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஜெர்மனியின் லைப்சிக்கில் ஞாயிற்றுக்கிழமை மழை பெய்கிறது. நான் ஒதுங்கிய சிறிய அருங்காட்சியகத்தில் காவலுக்கு இருப்பவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்.

"அக்கா தமிழோ? எனக்கொரு உதவி செய்யுங்கோ" என்று ஒரு கண்ணாடிப் பெட்டியின் கறுப்புத் துணியைத் தூக்குகிறார். வெளிச்சம் பட்டால் சாயம் மங்கிவிடுமாம். உள்ளே ஐம்பது சென்ட் காசளவில், நானூறு வருடங்களுக்கு முன் ஒரு பெண் தன்னைத் தானே வரைந்த படம். அவள் இடது கையில், அவள் வரைந்துகொண்டிருக்கும் இன்னொரு சின்ன வட்டம்.

"அரண்மனையில இருந்த எல்லாரையும் படமாக் கீறினவவாம். இப்ப அவவுக்கு முன்னால நான் மட்டும்தான் இருக்கிறன். ஏழு வருசமா அந்த வட்டம் வெறுமையா இருந்தது. போன மாதம் முடி வந்தது, பிறகு கண். வேற அறை கேட்டு அன்ட்ராக், விண்ணப்பம், எழுதிக் குடுக்கலாம். காரணம் எண்டு என்னத்தை எழுதுறது? அது என்ர முகமோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

அவர் நீட்டிய உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்க்கிறேன். முடி இருக்கிறது, கண்கள் இருக்கின்றன. புருவங்களுக்கு நடுவே ஈரம் காயாத சிவப்புப் புள்ளி. நிமிர்ந்தால் அவர் நெற்றியில் குங்குமம்.

அவரைப் பயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

"ஒண்டும் இல்லை, தங்கச்சி. வெறும் வட்டம்தான்."

"அப்ப எனக்குத்தான் விசர், மூளை பிசகிப்போச்சு" என்று மெல்லச் சொல்லித் துணியை இறக்குகிறார்.

மறுநாள் உண்மையைச் சொல்லப் போனேன். திங்கட்கிழமை என்பதால் பூட்டியிருந்தது. பதினொரு மணி ரயிலில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பினேன்.