நாங்கள் அரைத்துப் பார்த்தோம்

"அண்ணாத்தே, ஒரு நிமிசம் அந்தப் போனைக் குடேன்" என்று டீக்கடையில் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிறார் கஜபதி. ஏதோ அவசரம் போலும் என்று அவரும் கொடுத்துவிடுகிறார். கஜபதி யாரையும் அழைப்பதில்லை. கூகுளைத் திறந்து 'சிறந்த கிரைண்டர் எது' என்று தட்டுகிறார். கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போய், மூன்றாவதாகத் தன் இணையதளம் வந்ததும் நின்று, உதட்டைப் பிதுக்குகிறார். "நேத்து ரெண்டாவதா இருந்துச்சி" என்று போனைத் திருப்பித் தருகிறார். கொடுத்தவருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. இப்படி ஒன்றும் விளங்காமல் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டவர்கள் கோவில்பதாகையில் நிறையப் பேர்.

சொந்தப் போனில் பார்த்தால் ஆகாதா என்று நான் ஒருமுறை கேட்டேன். அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிற உரிமையில் இப்படிச் சில கேள்விகளை நான் கேட்பதுண்டு.

"நம்ம போன்ல நம்மளதான் சார் மேல காட்டும். தெனம் போய்ப் போய் பாத்துகினே கீறோம் இல்ல? அவருக்கு நம்ம மொகம் பயக்கமாயிடுச்சி. வெளியாளு கண்ணுக்கு எங்க தெரியறோம், அத்தப் பாக்கணும்."

'அவர்' என்பது கூகுள். மனைவி புஷ்பா கணவரை 'கஜா' என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுகிறார். கஜபதியோ கூகுளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "ரெண்டு நாளா அவரு மூடு சரியில்ல" என்பார், மாமனாரைப் பற்றிச் சொல்வதுபோல.

ஏழெட்டு வருடம் முன்புவரை கஜபதி கேபிள் டிவிக்காரர். தோளில் ஒயர் வளையமும் கையில் ஏணியுமாக ஏறாத மொட்டைமாடி இந்தப் பக்கத்தில் கிடையாது. எல்லோரும் போனிலேயே படம் பார்க்கத் தொடங்கியதும் வீடு வீடாக இணைப்பு கழன்றது. "எந்தப் போன் நம்ம சோத்துல மண்ணைப் போட்டுச்சோ, அதுலயே சோறு துன்னணும்" என்று சபதம் செய்து, வீடியோக்கள் பார்த்து, இணையதளம் நடத்தக் கற்றுக்கொண்டார். மிக்ஸி, கிரைண்டர், கொசு பேட், தண்ணீர் சுத்திகரிப்பான் என்று வீட்டுச் சாமான்களில் எதை வாங்கலாம் என்று எழுதுவார். கட்டுரைக்கு அடியில் ஒரு சுட்டி இருக்கும். அதை அழுத்தி யாராவது வாங்கினால் ஆன்லைன் கடை இவருக்குக் கமிஷன் தரும். வீடு ஓடுவது அதில்தான்.

தொழில் ரகசியம் என்று எதையும் அவர் பொத்தி வைப்பதில்லை. போர்வெல் மோட்டார் பழுது பார்க்கும் நடேசன், ஆசையாக ஒரு சைட் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். முதல் பக்கத்தில் 'எங்கள் நிறுவனத்தின் தொலைநோக்கு' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

"இத்த எவன் நைனா தேடுவான்?" என்றார் கஜபதி. "மோட்டார் உள்ள வுழுந்துட்டவன் காலங்காத்தால வாயில பிரஷ்ஷோட இன்னா தேடுவான்? 'போர்ல மோட்டார் மாட்டிகிச்சு ஆவடி'ன்னு தேடுவான். அத்த அப்டியே எழுது. உன் தொலைநோக்கை ஊட்டுல வச்சுக்கோ."

அடுத்த வாரமே நடேசனுக்குப் போன் வரத் தொடங்கியது. மற்ற தளங்கள் நம் தளத்தைச் சுட்டுவது பற்றியும் கஜபதியிடம் ஒரு பாடம் உண்டு. "நாலு பெரிய மனுசன் நம்மளக் கைகாட்னா அவரு மதிப்பாரு. நாப்பது போக்கிரி கைகாட்னா, நீயும் போக்கிரின்னு தூக்கிப் போட்ருவாரு."

தொழில் சில நேரம் தலைக்கேறிவிடும். மகள் கிருஷ்ணப்பிரியாவின் திருமணத்துக்குப் பத்திரிகை எழுத உட்கார்ந்தவர், 'ஆவடி அருகில் கோவில்பதாகையில் சிறந்த திருமண விழா' என்று ஆரம்பித்தார். புஷ்பா தாளைப் பிடுங்கிக் கிழித்துப்போட்டு அச்சகத்துக்குத் தானே கிளம்பிப் போனார்.

எல்லாக் கட்டுரையிலும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'நாங்கள் ஆறு மாதம் பயன்படுத்திப் பார்த்தோம்.' கஜபதி எதையும் பயன்படுத்தியதில்லை. கம்பெனிக்காரர்கள் எழுதியதையும் வாங்கியவர்கள் எழுதியதையும் படித்துவிட்டு எழுதுவார்.

"யாரு கஜா அந்த நாங்கள்?" என்று புஷ்பா கேட்பார். "நீ சுடுதண்ணி வச்சே நான் பார்த்ததில்ல."

"அது ஒரு மொறை புஷ்பா. எல்லாரும் அப்டித்தான் எழுதுறாங்கோ."

போன ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை காலை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் இறங்கினார். பின்னாலேயே புது டேபிள்டாப் கிரைண்டர் ஒன்றும், ஊறவைத்த அரிசி, உளுந்துத் தூக்குகளும் இறங்கின. சத்தம் கேட்டு நானும் கீழே வந்தேன்.

வந்தவர் பெயர் ஆக்னஸ். கணவர் ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். குடியிருப்பில் உள்ள வீடுகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவர்.

"கிரைண்டரப் பத்தி எழுதுறது நீங்கதான?" என்று கேட்டார். கஜபதி பெருமையோடு தலையாட்டினார். முதன்முறையாக ஒரு வாசகர் வீடு தேடி வந்திருக்கிறார்!

"அரை மணி நேரம் ஓடுனா நின்னுருது. தீஞ்ச வாடை வேற. பழசக் குடுத்துட்டு இத வாங்கினேன். ரெண்டு வாரமா மாவு குடுக்க முடியல, ஆளுங்க வேற எடத்துல வாங்க ஆரம்பிச்சிட்டாங்க."

"கம்பெனிக்குப் போன் பண்ணி..." என்று இழுத்தார் கஜபதி.

"பண்ணாமலா இருப்பேன்? நான் அதுக்கு வரல." ஆக்னஸ் தன் போனை எடுத்து நிதானமாகப் படித்தார். "'நாங்கள் ஆறு மாதம் அரைத்துப் பார்த்தோம். மாவு வெண்ணெய் போல வந்தது.' கீழ கோவில்பதாகை அட்ரஸ் போட்டிருந்திச்சு. பக்கத்து ஊர்க்காரங்க, பொய் சொல்ல மாட்டாங்கன்னுதான் வாங்கினேன். எப்படி அரைச்சீங்கன்னு காட்டுங்க. எனக்குத்தான் அரைக்கத் தெரியலையோ என்னவோ."

அட்ரஸ் போட்டால்தான் 'அவர்' நம்புவார் என்று எல்லோருக்கும் சொல்லித்தருகிறவர் கஜபதி. அதை நம்பி ஆளே வந்துவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர் புஷ்பாவைப் பார்த்தார். புஷ்பா கூரையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தார்.

ஆக்னஸ் கேலி செய்யவில்லை என்பதுதான் கஜபதியைக் கொன்றது. அந்த அம்மாள் உண்மையாகவே கற்றுக்கொள்ள வந்திருந்தார். வேறு வழியில்லாமல் கஜபதி பிளக்கைச் செருகி உளுந்தைப் போட்டார். தண்ணீரை எவ்வளவு ஊற்றுவது என்று தெரியாமல் சொம்போடு நின்றார். ஆக்னஸே வாங்கி ஊற்றினார். கல் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் முனகியது. பிறகு வாடை வந்தது. நின்றுவிட்டது.

"நான் அரைக்கல மா" என்றார் கஜபதி, கிரைண்டரைப் பார்த்தபடியே. "இத்த இப்பதான் மொத தபா தொட்றேன்."

ஆக்னஸ் கோபப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் மெல்ல, "அப்போ எனக்கு அரைக்கத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். புஷ்பா பாதி அரைந்த உளுந்தை வழித்துத் தன்னுடைய பழைய கிரைண்டரில் போட்டார். மாவு ஆகும்வரை இரண்டு பெண்களும் கிருஷ்ணப்பிரியாவின் கல்யாணப் புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போகக் கஜபதிக்குத் தைரியம் வரவில்லை.

அன்று மாலை அவர் கட்டுரையைத் திருத்தினார். வெண்ணெய் போனது. 'இந்தக் கிரைண்டரை நான் தொடாமலே எழுதினேன். ஆவடியில் மாவு அரைக்கும் ஓர் அம்மா கொண்டுவந்தார். என் கண் முன்னால் நின்றுபோனது' என்று எழுதி, வாங்கும் சுட்டியையும் எடுத்துவிட்டார். சைட்டுக்கு வரும் வருமானத்தில் பாதிக்குமேல் கொண்டுவந்த கட்டுரை அது. கூடவே கம்பெனிக்கு விடாமல் போன் செய்தார். காத்திருக்கச் சொல்லி அவர்கள் போடும் இசை எனக்கே மனப்பாடமாகிவிட்டது. கடைசியில் கிரைண்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு கொடுத்தார்கள். அதுவரை ஆக்னஸ் சனிதோறும் இங்கே வந்துதான் அரைத்தார்.

கட்டுரை முதல் பக்கத்திலிருந்து சரிந்தது. "எங்கதான் இருக்கு?" என்று கேட்டேன். "திருமழிசை தாண்டி குத்தம்பாக்கத்துல நிக்குது" என்றார். முதல் பக்கம் ஆவடி என்றால் அவ்வளவு தூரம். அந்த மாதங்களில் வீட்டில் சிக்கனம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. பழைய கேபிள் காலத்து ஏணியும் விலை போனது.

ஆனால் கஜபதிக்குப் புதுப் பைத்தியம் பிடித்துவிட்டது. தேங்காய் மூடி, பொட்டுக்கடலை, பச்சை மிளகாய் எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு, முன்பு கேபிள் கொடுத்த வீடுகளின் கதவைத் தட்டுகிறார். "யக்கா, உங்க மிக்ஸில ஒரு சட்னி அரைச்சுப் பாத்துக்கறேன்" என்கிறார். அரைத்த சட்னியை அங்கேயே கொடுத்துவிடுவதால் இதுவரை யாரும் விரட்டவில்லை. சட்னியில் உப்பு போட மறந்துவிடுகிறார் என்பது மட்டும்தான் தெருவில் நிலவும் புகார். அப்படி எழுதிய கட்டுரைகளுக்குக் கீழே ஆட்கள் கேள்வி கேட்கிறார்கள்; கஜபதி பதில் எழுதுகிறார். சில கட்டுரைகள் மெதுவாக மேலே வந்துகொண்டிருக்கின்றன. அவை இன்னும் ஆவடியை எட்டவில்லை.

போன வாரம் ஒரு மிக்ஸி கம்பெனி புது மிக்ஸி ஒன்றை இலவசமாக அனுப்பியிருந்தது. நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் கமிஷனும் இரட்டிப்பு என்று சொல்லியிருந்தார்கள். நான் வாடகை கொடுக்கக் கீழே போனபோது கஜபதி அதில் காய்ந்த மஞ்சள் கிழங்கைப் போட்டு ஓடவிட்டிருந்தார். லாரி மேட்டில் ஏறுவதுபோல ஒரு சத்தம். புஷ்பா காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். கஜபதியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், ஸ்ரீகாந்த் பேசுறேன், கம்பெனியிலிருந்து. நம்ம மிக்ஸி பத்தி கட்டுரை எப்ப சார் வரும்? சத்தமே இல்லாம ஓடும்னு மறக்காம போட்டுருங்க, சார்."

கஜபதி போனை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த மிக்ஸிக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டார்.